மறுநாள் நோவு: ஓட்ட வகைகளும் தசையின் சிதைவும் மீட்சியும்

உடலை ஓம்புதல் கல்வியின் ஓர் உறுப்பே என்பது யாவரும் ஒப்பிய உண்மை. ஆயினும், நம் பாடசாலைகளில் இலக்கணத்துக்கும் கணிதத்துக்கும் பாடம் நடத்துகின்றோம். ஓட்டத்துக்கோ பாடம் நடத்துவது அரிது. இல்ல விளையாட்டுப் போட்டி அறிவிக்கப்பட்டதும் மாணாக்கரை மைதானத்தில் விட்டு, “ஓடுங்கள்” என்கின்றோம். இரண்டாம் நாட் காலையில் அவருட் பலர் தொடையைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைப் படியேற மாட்டாது நிற்கின்றனர். அதனைச் சோம்பல் என்று கடிவாரும் உளர். “நோவை ஓடியே முறிக்கவேண்டும்” என்று மறுபடியும் விரட்டுவாரும் உளர். இவ்விரு கொள்கையும் பிழையானவை. அவை எவ்வாறு பிழையாகின்றன என்பதை விளக்குதலே இப்பாடத்தின் நோக்கமாம்.

விழா மலரில் இதனை எழுதுவதற்கு இன்னுமொரு காரணமுண்டு. விழாக் காலத்திற் பழைய மாணவரும் ஓடுவர். இருபது ஆண்டுகள் மேசையடியிலும் கடையிலும் வாகனத்திலும் இருந்து பழகிய கால்கள், ஒரு மாலைப் பொழுதிற் பதினெட்டு வயதுக் கால்களாகிவிட விரும்புகின்றன. விருப்பத்தைக் குறைகூறுவது எம் கருத்தன்று. ஓடுமுன் அறியவேண்டியதை அறிந்துகொண்டு ஓடுக என்பதே எம் வேண்டுகோள்.

தமிழாசிரியருக்குத் தசையோடு என்ன தொடர்பு என வினவுதல் கூடும். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் (1892–1947) இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றுத் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கியவர். கலைச்சொல்லாக்கப் பணியிலும் ஈடுபட்டவர். அப்பெரியார் பிறந்த கரையில் வாழும் எமக்கு, அறிவியற் செய்தியைத் தமிழில் எடுத்துக் கூறுதல் அயலார் பணியாகத் தோன்றவில்லை.

1. நான்கு சொற்கள்

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். ஓட்டத்தின் பின் வரும் துன்பம் எல்லாவற்றையும் “கால் நோகுது” என்ற ஒரே தொடரால் வழங்குகின்றோம். உண்மையில் அவை நான்கு வகையின.

களைப்பு என்பது ஓடும்போதே வருவது. இளைப்பாறினால் அன்றே தணிவது. பிடிப்பு என்பது தசை திடீரெனக் கட்டியாய் இறுகி, சில நிமிடங்களில் விடுவது. கிழிவு என்பது ஓடுகையில் ஒரு கணத்திற் “சுரீர்” என்று ஓரிடத்தைத் தாக்கி, அடுத்த அடி வைக்கவொட்டாது நிறுத்துவது. உளைவு என்பது இவை மூன்றினும் வேறானது. அஃது ஓடிய அன்று தோன்றாது. 12 முதல் 24 மணித்தியாலங்களின் பின் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடைந்து, ஐந்து முதல் ஏழு நாளில் அகல்வது. அழுத்தினால் நோவும், படி இறங்குகையில் மிக நோவும், சும்மா இருக்கையிற் பெரும்பாலும் நோவாது. இந்த மறுநாள் உளைவே இங்கு ஆராயப்படும் பொருள்.

2. தசையின் அமைப்பு

தசை என்பது மயிரிழை போன்ற நார்கள் பலவற்றின் கட்டு. ஒவ்வொரு நாரினுள்ளும் அதனினும் மிக நுண்ணிய இழைகள் நீளவாட்டிற் கிடக்கின்றன. நம் வயல்கள் வரம்பு கட்டிப் பிரிக்கப்பட்டிருத்தல் போல, அவ்விழைகளும் குறுக்கு வரம்புகளாற் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 400 பாத்திகள் அடங்கும் எனின், அவற்றின் நுண்மை விளங்கும். ஒவ்வொரு பாத்தியிலும் தடித்த இழையும் மெல்லிய இழையும் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்வதனாலேயே தசை சுருங்குகின்றது. இவ்வுண்மையை 1954 ஆம் ஆண்டில் அன்ட்ரூ ஹக்ஸ்லி, ஹியூ ஹக்ஸ்லி என்னும் இருவர் தனித்தனிக் குழுவினராய் ஆராய்ந்து ஒரே காலத்தில் வெளியிட்டனர். பெயர் ஒன்றாயினும் அவர்கள் உறவினரல்லர்.

இனி, தசை தொழில் செய்யும் முறையைக் காண்போம். விளையாட்டுப் போட்டியிற் கயிறிழுத்தலைக் கண்டிருப்பீர்கள். ஓர் அணி இழுத்து வெல்கின்றது. சில வேளை இரு அணியும் அசையாது நிற்கின்றன. இன்னுஞ் சில வேளை, ஓரணி முழு வலுவுடன் இழுத்துக்கொண்டே முன்னோக்கி இழுபட்டுச் செல்கின்றது. தசைக்கும் இம்மூன்று நிலையும் உண்டு: குறுகியபடி இழுத்தல், நிலைத்து நின்று இழுத்தல், நீண்டபடி இழுத்தல். மாடிப்படி ஏறும்போது முன்தொடைத் தசை குறுகியபடி உடலை உயர்த்துகின்றது. இறங்கும்போது அதே தசை நீண்டபடியே உடல் விழுந்துவிடாது தாங்குகின்றது. முன்னையது உயர்த்தும் தொழில். பின்னையது தடுக்கும் தொழில்.

தடுக்கும் தொழில் மூச்சுக்கு எளிது. 1952 இல் இங்கிலாந்தில் அபொட், பிக்லண்ட், ரிச்சி என்னும் மூவர் இரண்டு சைக்கிள்களைப் பின்னோடு பின்னாக ஒரு சங்கிலியாற் பிணைத்துச் சோதனை நடத்தினர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அவ்விசையை எதிர்த்துத் தடுத்தார். இருவர் காலிலும் விசை ஒன்றே. ஆயினும் தடுத்தவருக்குச் செலவான ஒட்சிசன், மிதித்தவரின் செலவினும் மிகக் குறைவாயிருந்தது.

மூச்சுக்கு எளிதான அத்தொழிலே தசைக்குக் கொடிது. இழுபட்டுச் செல்லும் கயிறிழுத்தல் அணியில் ஒருவன் கால் தவறினால் அவன் பங்கு மற்றவர்மேல் விழுந்து வரிசை குலைவது போல, நீண்டபடி இழுக்கும் தசையில் வலுக்குறைந்த பாத்திகள் அளவிறந்து நீண்டு வரம்பு குலைகின்றன. சுவீடன் நாட்டு ஆய்வாளர் 1981 இல், படி இறங்கச் செய்தோரின் கெண்டைத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, இவ்வாறு வரம்புகள் குலைந்திருத்தலைக் கண்டனர். இச்சிதைவைத் தொடர்ந்து அவ்விடத்தில் அழற்சியும் சிறு வீக்கமும் உண்டாகின்றன. நரம்பு நுனிகள் கூருணர்வு அடைகின்றன. அதுவே மறுநாள் உளைவு.

சிவனொளிபாத மலைக்குச் சென்று வந்தோர்க்கு இது சொல்லாமலே விளங்கும். முஸ்லிம் அன்பர்கள் பாவா ஆதம் மலை என வழங்கும் அம்மலையின் உயரம் 2,243 மீற்றர். படிகள் 5,000 இற்கு மேற்பட்டவை. ஏறுகையில் மூச்சு வாங்குகின்றது. இறங்குகையில் “இனி எளிது” என்கின்றோம். ஊர் திரும்பி மூன்று நாள் கால் மடக்கமாட்டாது வருந்துவது பெரும்பாலும் இறக்கத்தினாலேயாம்.

3. ஓட்ட வகைகள்

(அ) சமநில மெல்லோட்டம். ஒவ்வோர் அடியும் நிலத்தில் விழும்போது சிறிது தடுத்தலும், நிலத்தை உதைக்கும்போது சிறிது உயர்த்தலும் நிகழும். பழகியவர்க்கு இதனால் வருஞ் சிதைவு சிறிதே. மறுநாளே மீண்டும் ஓடலாம்.

(ஆ) ஏற்றத்து ஓட்டம். தசை பெரும்பாலும் குறுகியே தொழில் செய்யும். மூச்சும் நெஞ்சும் மிக வருந்தும். மறுநாள் உளைவோ குறைவு.

(இ) இறக்கத்து ஓட்டம். முன்தொடையும் கெண்டையும் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையை நீண்டபடி தாங்கும். அமெரிக்காவில் 1983 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிலர் சமதளத்திலும் சிலர் நூற்றுக்குப் பத்துச் சரிவிலும் 45 நிமிடம் ஓடினர். சமதளத்தார்க்குக் குருதியில் இலற்றிக்கமிலம் மிகுந்தது, மறுநாள் நோவில்லை. சரிவிற் கீழ்நோக்கி ஓடியோர்க்கு அமிலம் மிகவில்லை, நோவு வந்தது. “அமிலம் தேங்குவதாற் கால் உளைகின்றது” என்று மைதானங்களில் இன்றும் சொல்லப்படுவது பிழை என்பதற்கு இதுவே தக்க சான்று. அவ்வமிலம் ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திற் பழைய நிலைக்கு வந்துவிடும். உளைவோ அதன் பின்னரே தொடங்குவது.

(ஈ) விரைவோட்டம். 100 மீற்றர், 200 மீற்றர் ஓட்டங்களில், வீசிய கால் நிலத்தைத் தொடுமுன் பின்தொடைத் தசை நீண்டபடி அக்காலைத் தடுக்கின்றது. கிழிவு பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றது. பழைய மாணவர் ஓட்டத்தில் நடுவழியில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்போரைக் கண்டிருப்பீர்கள். வெற்றிக் கோட்டைக் கடந்ததும் சட்டென்று நிற்பதும் தீது. அப்போது தடுக்கும் தொழில் உச்சமடைகின்றது. கோட்டின் அப்பாலும் ஓடித் தணிதல் வேண்டும்.

(உ) நெடுந்தூர ஓட்டம். ஓர் அடியின் சிதைவு சிறிதாயினும், பல்லாயிரம் அடிகளின் கூட்டு பெரிது. 42.195 கிலோமீற்றர் மரதன் ஓடியோரின் கெண்டைத் தசையில் நார்கள் சில முற்றாக மடிந்திருத்தலை 1983 இல் ஆய்வாளர் எழுதியுள்ளனர். அன்றியும், தசையிற் சேமித்த கிளைக்கோசன் என்னும் மாவுப்பொருளும் தீர்ந்துபோகின்றது.

(ஊ) மணலோட்டம். இஃது எமது கரைக்கே உரியது. மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஈறாகக் கிழக்கே கடலும் மேற்கே வயலும் சூழ்ந்த இந்நிலத்தில் மேடு பள்ளம் இல்லை. மணல் மட்டும் உண்டு. மாலையில் இக்கரையில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் ஓடிப் பழகுகின்றனர். பெல்ஜிய நாட்டார் 1998 இல் அளந்தபடி, மணலில் ஓடுதற்குக் கெட்டித் தரையிலும் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகின்றது. ஆயின் மணல் அடியின் அதிர்ச்சியை விழுங்கிவிடுகின்றது. 2004 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 60 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து 100 முறை குதித்தோருள், மரத்தளத்திற் குதித்தோரினும் மணலிற் குதித்தோர்க்கு நோவும் சிதைவும் குறைந்திருந்தன.

மணலுக்கும் குறையுண்டு. குதி ஆழப் புதைவதாற் குதிநாணும் கெண்டையும் மிகுதியாக வருந்தும். அலையடிக்கும் சரிவில் ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும் விழும். ஆதலால், சென்ற தூரம் திரும்பி வருதலும், ஈரம் படிந்து இறுகிய மணலையே தேர்தலும் நன்று.

இவற்றினின்றும் எமது கரை மாணாக்கர்க்குரிய முதன்மையான செய்தி ஒன்று பெறப்படுகின்றது. மணல் மூச்சை வளர்க்கின்றது. உயர்த்தும் தசையையும் வளர்க்கின்றது. தடுக்கும் தசையை அது போதிய அளவு பழக்குவதில்லை. கடற்கரையிற் களைக்காது ஓடும் ஒருவன் நுவரெலியா, பண்டாரவளை போன்ற மலைநாட்டுச் சாலையில் ஓடப்போனால், ஏற்றத்திற் பிறரோடு ஒப்ப நின்று, இறக்கத்திற் கால் குலைதல் கூடும். அது திறமைக் குறைவன்று, பழக்கக் குறைவு.

4. மீட்சி

சிதைந்த தசை தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும். முதல் நாட்களில் வெண்குருதிக் கலங்கள் சென்று சிதைவுகளை அகற்றுகின்றன. பின்னர், நாரின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணைக் கலங்கள் விழித்துப் பெருகிப் புதிய தசைப்பொருளை ஆக்குகின்றன. இத்துணைக் கலங்களை 1961 இல் அலெக்சாந்தர் மௌரோ என்பவர் தவளைத் தசையிற் கண்டு முதன்முதலாக விவரித்தார்.

இங்குக் கருதவேண்டியவை இரண்டு. முதலாவது, நோவு சிதைவின் சரியான அளவுகோல் அன்று. தசையின் வலு ஓடிய உடனேயே குறைந்துவிடுகின்றது. நோவோ மறுநாளே தோன்றுகின்றது. நோவு நீங்கிய பின்னும் வலு முற்றாகத் திரும்பாதிருத்தல் உண்டு. ஆதலால், “நோவில்லை, ஓடலாம்” என்பது எப்போதும் பொருந்தாது. இரண்டாவது, ஒருமுறை சிதைந்து தேறிய தசை மறுமுறை அதே தொழிலால் அவ்வளவு சிதைவதில்லை. இறக்கத்தில் ஒரு முறை ஓடியோர்க்கு அப்பாதுகாப்பு ஆறு வாரம் வரை நிலைத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆதலின், சிறிதளவில் முன்னரே பழக்குதலே தலைசிறந்த மருந்தாம். மலைச் சாலையிற் போட்டி உண்டெனின், ஒரு மாதத்துக்கு முன்பே குளக்கட்டின் சரிவிலோ பாடசாலைப் படிகளிலோ வாரம் ஒரு முறை, முதலிற் பத்து நிமிடமும் பின்னர் சிறிது கூட்டியும் இறங்கி ஓடுக.

கடும் ஓட்டத்தின் பின் விடவேண்டிய இடைவெளியை ஏறத்தாழ இவ்வாறு கொள்ளலாம்: ஏற்றத்து ஓட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நாள்; முழு விரைவோட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள்; பழகாத இறக்கத்துக்கு ஐந்து முதல் ஏழு நாள்; முழு மரதனுக்கு இரண்டு வாரமேனும். இடைவெளி என்றது படுக்கையைக் குறித்ததன்று. மெல்ல நடத்தலும், நீந்தலும், சைக்கிள் மிதித்தலும் தகும்.

5. வழக்கும் மருந்தும்

ஓடுமுன்னும் பின்னும் தசையை நீட்டி நிற்றலால் மறுநாள் உளைவு தடுக்கப்படுவதில்லை. குறைவதாயினும் மிகச் சிறிதே. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல் நோவைத் தணிக்கும். வலுவை விரைந்து திருப்பித் தராது. குளிர்ந்த நீரில் இருத்தலும் அத்தகையதே. மெல்லிய ஓட்டத்தால் நோவு சற்று மறையும், நின்றதும் திரும்பும். “ஓடியே முறித்தல்” என்னும் கொள்கை இந்தச் சிறு மறைவினின்றே பிறந்தது போலும். சிதைந்த தசையை மீண்டும் கடுமையாக வருத்தினால் மீட்சி தாழ்க்கும். வலுக்குறைந்த தசை பிழையாக அடிவைத்து மூட்டையும் கெடுக்கும்.

நோ நீக்கும் மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன் விழுங்கும் வழக்கம் வளர்ந்துவருகின்றது. ஐபுபுரொபென் முதலியவை, உடலில் நீர் குறைந்த வேளையிற் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யவல்லன. வைத்தியர் சொல்லாமல் அவற்றை மாணாக்கர்க்குக் கொடுத்தல் ஆகாது.

உறக்கத்தினும் உணவினும் சிறந்த மருந்து வேறில்லை. தசையைக் கட்டும் புரதத்துக்கு எமது கடல் மீனைத் தருகின்றது. எருமைத் தயிரும் பருப்பும் முட்டையும் உள்ளன. தீர்ந்த கிளைக்கோசனை நிரப்பச் சோறு போதும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் மாணாக்கர்க்குப் பகலில் நீர் அருந்துதல் இல்லையாதலால், கடும் ஓட்டத்தையும் புதிய இறக்கப் பயிற்சியையும் அம்மாதத்துப் பகலில் வைத்தல் தகாது. நோன்பு திறந்து, உண்டு தேறிய பின் மெல்லிய பயிற்சி செய்யலாம். எல்லாப் பாடசாலையும் கலந்து விளையாடும் எமது பகுதியில், போட்டி நாளைக் குறிப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

6. அபாயக் குறிகள்

உளைவு எல்லாம் தீங்கற்றது என எண்ணற்க. தசை பெருமளவிற் சிதைந்தால், அதனுள்ளிருக்கும் செந்நிறப் பொருள் குருதியிற் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். 1941 இல், குண்டுவீச்சில் இடிந்த இலண்டன் வீடுகளின் கீழ் நசுங்கியோர் சில நாளிற் சிறுநீரகம் செயலிழந்து இறந்தமையை ஆராய்ந்த பைவாட்டர்ஸ் என்னும் வைத்தியர் இந்நோயை விரிவாக எழுதினார். வெயிலில், நீரின்றி, பழகாத கால்களைக் கட்டாயப்படுத்தி ஓட்டினாலும் இது நேர்தல் உண்டு. சிறுநீர் சாயத் தேநீரின் நிறமாதல், தசை கடினமாக வீங்குதல், காலை அசைக்கவியலாத வலுக்குறைவு ஆகியன அதன் குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. ஓடுகையில் மயங்கி விழுந்தவனது உடல் கொதித்தால், வாகனம் வரும்வரை காத்திராமல் நிழலிற் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றிக் குளிரச் செய்க. நெஞ்சு நோவும் மயக்கமும் தசையைச் சார்ந்தவை என்று கருதி விட்டுவிடற்க.

2024 ஆம் ஆண்டில் எமது மாவட்டத்திலேயே பாடசாலை மரதன் ஓட்டமொன்றின் பின் மாணாக்கன் ஒருவன் உயிரிழந்தான். அதன் காரணத்தை ஆராய்தல் எமது பணியன்று. ஆயினும், பிள்ளைகளை ஓடவிடுதல் பொறுப்புள்ள செயல் என்பதை அத்துயரம் நம் அனைவர்க்கும் உணர்த்திற்று. போட்டிக்கு முன் வைத்திய சோதனை, காலை வேளை, வழியெங்கும் நீர், கிட்டிய வாகனம் என்னும் நான்கும் இல்லாத இடத்தில் நெடுந்தூர ஓட்டம் வைத்தலாகாது.

7. தொகுப்புரை

மறுநாள் உளைவு சோம்பலின் குறியன்று. அமிலத்தின் எச்சமும் அன்று. பழகாத தசை நீண்டபடி தடுத்த தொழிலின் அடையாளம் அது. உயர்த்தும் ஓட்டம் மூச்சை வருத்தும். தடுக்கும் ஓட்டம் தசையை வருத்தும். இவ்வேறுபாட்டை அறிந்த ஆசிரியர், திங்கட்கிழமை இறக்கத்தில் ஓடியவனைச் செவ்வாய்க்கிழமை விரைவோட்டத்துக்கு அழையார், தொடையைப் பிடித்து நிற்பவனைக் கடியார், “எப்போது தொடங்கிற்று? எங்கே நோகின்றது? சிறுநீர் என்ன நிறம்?” என்று வினவுவார். அவ்வினாக்களுக்கு உண்மை விடை கூறுதல் இகழ்ச்சியன்று என்பதை மாணாக்கனும் அறிதல் வேண்டும்.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு சொல். விழா ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருப்பீராயின், இன்று முதலே மாலையில் இறுகிய மணலில் மெல்ல ஓடிப் பழகுக. வாரம் ஒரு முறை படி இறங்குக. கடைசி மூன்று நாளும் கடும் ஓட்டம் தவிர்க்க. விழா மாலையில் முதலாவதாக வருதல் ஒருவர்க்கே கூடும். மறுநாட் காலையிற் பிறர் துணையின்றிப் படியிறங்கி வருதல், மேற்கூறிய ஒழுங்கைக் கைக்கொண்டார் பெரும்பாலார்க்கும் கூடும்.